துரை பங்களாவில் வெந்நீர் வருமா?

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம், ஏறத்தாழ 4,200 அடி உயரத்தில், ஆறு அறைகளோடு விடுதியாக மாறியிருக்கிற பழைய துரை பங்களா, அதாவது தேயிலைத் தோட்ட அதிகாரி குடியிருந்த வீடு, ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. பெயரைப் போடவில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசி, ஹட்டனிலிருந்து ஹப்புத்தளை வரைக்கும் இதே மாதிரி மாற்றப்பட்ட மற்றப் பங்களாக்களிலும் காணக்கூடியவைதான். ஒருவரை மட்டும் சந்தியில் நிறுத்திவைப்பானேன்.

முதலில் வெந்நீர். தங்க வந்தவர்கள் காலைச் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்வது அதைத்தான். சுவரில் தொங்கும் பழைய வரைபடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இங்கே அறைக்கு ஒரு 50 லீற்றர் மின்சாரக் கீசர். கூடவே சிங்கக்கால் வைத்த வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத சோடி. கணக்கைப் பாருங்கள். மார்கழி, தை மாதக் காலையில் குழாய்த் தண்ணீர் 15 பாகை செல்சியஸில் வரும். கீசர் அதை 60க்குக் கொண்டுபோகும். குளிக்க வசதியான சூடு 40. இந்தக் கலவையில் நூற்றுக்கு 56 பங்கு சூட்டுத் தண்ணீர், மிச்சம் பச்சைத்தண்ணீர். ஆக ஒரு 50 லீற்றர் கீசரிலிருந்து கிடைப்பது 90 லீற்றர் குளிக்கும் தண்ணீர். நிமிடத்துக்கு 8 லீற்றர் விடும் ஷவரில் அது 11 நிமிடம். உள்ளே பச்சைத்தண்ணீர் நுழைந்து கலந்துகொண்டே இருப்பதால் அந்த 11 நிமிடமும் முழுதாகக் கிடைக்காது. முதல் ஆள் பாட்டுப் பாடிக் குளித்துவிட்டு வந்தால் இரண்டாம் ஆளுக்கு நடுக்கம்தான். 3 கிலோவாட் சுருள் மறுபடி முழுக் கீசரையும் சூடாக்க 52 நிமிடம் எடுக்கும். தொட்டியை நிரப்ப 200 லீற்றர் வேண்டும். அதில் 111 லீற்றர் சூட்டுத் தண்ணீராக இருக்க வேண்டும். அந்தத் தொட்டி போட்டோவுக்கு மட்டும்.

பிரச்சினை கீசரோடு நிற்பதில்லை. ஆறு கீசர் ஒன்றாக எரிந்தால் 18 கிலோவாட். பழைய பங்களாக்களுக்கு வழக்கமாக வந்திருக்கும் 30 அம்பியர் ஒற்றைத் தறுவாய் (சிங்கிள் பேஸ்) இணைப்பு தாங்குவது 6.9 கிலோவாட், இரண்டு கீசரும் ஒரு கேத்தலும் போட்டால் பிரேக்கர் விழும். இங்கே மூன்று தறுவாய் எடுத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் 30 அம்பியர் மூன்று தறுவாய்க்கும் எல்லை 20.7 கிலோவாட்தான். கீசர்களுக்கு மேல் குசினி, குளிர்சாதனப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, கேத்தல் எல்லாம் இருக்கின்றன. அதனால் பணியாளர்கள் காலை 5 மணிக்கு முதல் மூன்று அறைகளின் கீசரையும், 6 மணிக்கு அடுத்த மூன்றையும் வெளியிலிருந்து போட்டுவிடுகிறார்கள். ஏற்பாடு புத்திசாலித்தனமானது. ஆனால் விருந்தினருக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. நான்காம் அறைக்காரர் 5.30க்கு எழுந்து ரயிலைப் பிடிக்கப் போகிறார் என்றால் அவர் பாடு திண்டாட்டம்.

சரியான வழி, ஆறு கீசரையும் கழற்றிவிட்டுக் குசினிப் பக்கம் ஒரே பெரிய தாங்கி வைப்பது. ஆறு அறை, பன்னிரண்டு பேர், ஆளுக்கு 80 லீற்றர் என்று வைத்தால் 60 பாகையில் ஏறத்தாழ 535 லீற்றர் போதும். நன்றாக உறை போட்ட 600 லீற்றர் தாங்கியை 15இலிருந்து 60க்குக் கொண்டுவர 31 அலகு மின்சாரம் செலவாகும். இரவு 10.30 முதல் காலை 5.30 வரையான மலிவு நேரத்தில் சூடாக்கினால் 4.5 கிலோவாட் சுருளே போதும். 18 கிலோவாட் சுமை 4.5க்கு இறங்குகிறது. குழாய் தூரத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: முக்கால் அங்குலக் குழாயில் 20 மீற்றருக்கு 6 லீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கும், குழாயைத் திறந்து முக்கால் நிமிடம் காத்திருந்தால்தான் சூடு வரும். உறை போடாவிட்டால் வரும்போதே ஆறியும் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பங்களாவின் பின்பக்கத்தில் விறகு எரித்துத் தண்ணீர் காய்ச்சிய பழைய அடுப்புமேடை இன்னும் இருக்கிறது. அதைச் சுத்தமாக்கி, வெள்ளையடித்து, மேலே பூச்சட்டி வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் அறை வேறு கதை. அங்கே மின்சாரக் கீசர் போதாதென்று ஓர் எரிவாயுக் கீசரும், அதுவும் குளியலறைக்குள்ளேயே, குளிர் புகக்கூடாது என்று சன்னலுக்கு மேலிருந்த காற்றுத் துளைகளையும் அடைத்துவிட்டு. இது வசதிக்குறைவு இல்லை, உயிராபத்து. மூடிய அறையில் எரிவாயு எரிந்தால் ஒட்சிசன் குறைந்து காபன் மொனொக்சைட் வரும். மணமும் இருக்காது, நிறமும் இருக்காது. அந்த எரிவாயுக் கீசரை வெளிச்சுவரில் மாட்டிச் சூட்டுக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவது அரை நாள் வேலை.

இவ்வளவு செலவழித்தவர்கள் இதை ஏன் விட்டார்கள் என்று கேட்டால், பதில் காணிப் பத்திரத்தில் இருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகம் வந்தது. அந்த நீண்டகாலக் குத்தகைகள் 2045இல் முடிகின்றன. பங்களாவை நடத்துகிறவர் பெரும்பாலும் அந்தக் கம்பனியிடம் உப குத்தகைக்கு எடுத்தவர். சொந்தமில்லாத கட்டடத்தில் போடுகிற காசு, நாளைக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய சாமான்களுக்குத்தான் போகும்: கட்டில், கண்ணாடி, சிங்கக்கால் தொட்டி. சுவருக்குள் போகிற குழாய்க்கும் நிலத்துக்குள் போகிற வடிகானுக்கும் மனசு வராது. காசல்ரீ, நோர்வூட் பக்கம் 2005இல் சிலோன் டீ ட்ரெயில்ஸ் பங்களாக்கள் திறந்த பிறகு, அதைப் பார்த்து இறங்கிய பலருக்கும் சோபாவும் வெள்ளிக் கேத்தலும் கண்ணில் பட்டன. அதற்குப் பின்னால் இருந்த குழாய் வேலை படவில்லை.

கட்டடம் என்னவோ முதல்தரம். 20 அங்குலக் கனத்தில் கருங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, முன்னால் சிவப்புச் சீமெந்து விறாந்தை, அறைகளில் பலகைத் தளம், மேலே தகரம், நாலு புகைபோக்கி. கோப்பியை இலைநோய் தின்றுமுடித்து, தேயிலை ஏறி, 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்த பிறகு இந்தப் பக்கத்தில் எழும்பிய பங்களாக்களின் அச்சு இதுதான். விறாந்தைத் தளத்தை உடைத்து மாபிள் போடாமல் விட்டதற்கே அரை மதிப்பெண் கொடுக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை சிவப்புப் பொலிஷ் பூசித் தேங்காய் மட்டையால் தேய்க்கிறார்கள். காலை வெயிலில் தூணின் நிழல் அதில் தெரிகிறது.

கூரை வேலை இந்த இடத்தின் பெருமை. பழைய தகரத்தை மாற்றியபோது செய்த மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, தகரத்துக்கும் கீழே இருக்கிற பலகைக்கும் நடுவில் 2 அங்குலக் காற்று வழி விட்டு, முகட்டில் அது வெளியேறத் துளையும் வைத்திருக்கிறார்கள். இரவில் தகரம் குளிர்ந்துபோகும். உள்ளே ஆட்களின் மூச்சும் குளியலறை ஆவியும் மேலே போய் அதில் பட்டால் நீராகிச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று தார் பூசிப் பூசி அலுத்துப்போனவர்கள் பலரின் கூரையில் ஓட்டையே இருக்காது. சொட்டியது உள்ளேயிருந்து போன ஈரம். இரண்டு, தகரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பக்கவாட்டில் ஒன்றரை அலை மேவி, மேலும் கீழும் 9 அங்குலம் மேவிப் போட்டிருக்கிறார்கள். சாய்வு குறைந்த விறாந்தைக் கூரையில் 6 அங்குலம் போதாது; காற்றோடு வரும் மழை ஏறி உள்ளே வரும். மூன்று, பலகைக்கு மேல், அந்தக் காற்று வழிக்குக் கீழே, 2 அங்குலப் பாறைக்கம்பளி. ஆனி மாத மழையிலும் சாப்பாட்டு அறையில் குரலை உயர்த்தாமல் பேசலாம். தகரக் கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

அப்படிப்பட்ட கூரைக்குக் கீழே மழைத்தண்ணீரை ஏந்தப் போட்ட பீலிதான் வயிற்றெரிச்சல். பழைய 6 அங்குல இரும்புப் பீலியைக் கழற்றிவிட்டு, கடையில் கிடைக்கிற 4 அங்குல பிளாஸ்டிக் பீலி. கூரையின் ஒரு பக்கம் 90 சதுர மீற்றர் என்று வையுங்கள். மேற்குச் சரிவில் மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் மழை இறங்குவது அதிசயமில்லை. கொஞ்ச தூரத்தில் இருக்கிற வட்டவளையில் வருட மழையே 5,000 மில்லிமீற்றருக்கு மேல். அந்த வேகத்தில் வினாடிக்கு 2.5 லீற்றர் பீலிக்கு வரும். 4 அங்குல அரைவட்டப் பீலி தாங்குவது வினாடிக்கு ஒரு லீற்றரைச் சுற்றித்தான். மிச்சம் வழிந்து சுவரின் காலில் விழுகிறது. தென்மேற்கு மூலையில் போய்ப் பாருங்கள்: இடுப்பு உயரம் வரை பச்சைப் பாசி.

அந்த ஈரம் எங்கே போகும்? உள்ளே. கருங்கல்லுக்கு நடுவிலுள்ள சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை இழுத்து, வெயில் நாளில் வெளியே விட்டுவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று பழைய மேசன்மார் சொல்வது இதைத்தான். அதன்மேல் சீமெந்து பூசி, இமல்ஷன் அடித்தால் மூச்சு அடைபடும். ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, உப்பையும் இழுத்துக்கொண்டு வந்து, பெயின்றைக் கொப்புளமாகத் தள்ளும். ஒன்றாம் அறையிலும் ஆறாம் அறையிலும் தரையிலிருந்து 3 அடி வரை அதுதான் நடந்திருக்கிறது. விரலால் தட்டினால் சீமெந்துப் பூச்சு டொக் டொக் என்று கேட்கும்; கல்லை விட்டு எப்போதோ கழன்றுவிட்டது. கொப்புளம் தெரியாமல் இருக்க அலுமாரியை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அலுமாரிக்குள் துணி பூஞ்சணம் பிடிக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாம், நான்காம் அறைகளில் மாத்திரம் யாரோ வேலை தெரிந்த மேசன் கைவைத்திருக்கிறார். சீமெந்தை 4 அடி உயரம் வரை கொத்தி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்பு மணல் கலவை, மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்குள், மேலே சுண்ணாம்பு வெள்ளை. அந்த அறைகளில் புழுங்கல் மணமே இல்லை. இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மாத்தளை, திகனைப் பக்கத்துச் சுண்ணாம்பு டொலமைற் கல்லிலிருந்து வருவது, மெதுவாகத்தான் நீறும். குழியில் ஊறவைத்து வாரக்கணக்கில் விடாமல் அவசரத்துக்குப் பூசினால், பூசிய பிறகு உள்ளேயிருந்து பொரிபொரியாகக் கிளம்பும். அடுத்தது காலம். மேற்குச் சரிவில் தை முதல் பங்குனி வரைக்கும்தான் இந்த வேலைக்கு நாள். வைகாசியில் தொடங்கினால் மிஸ்ட்டில் காயவே காயாது. பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை என்பதால் கணக்குத் தலைகீழ், அங்கே ஆனி ஆடிதான் நல்லது.

குளியலறைகள் எல்லாம் முன்பு உடைமாற்றும் அறையாக இருந்தவை. வாசலில் 6 அங்குலப் படி ஒன்று காலைத் தட்டுகிறது. கழிவுக்குழாய்க்கு 60க்கு 1 சாய்வு வேண்டும். 6 மீற்றர் ஓட்டத்துக்கு 4 அங்குலம் இறங்க வேண்டும். பலகைத் தளத்தின் தாங்குமரம் குறுக்கே ஓடுவதால் அதைத் துளைக்காமல் தளத்தை உயர்த்தியிருக்கிறார்கள். மரத்தை வெட்டியிருந்தால் அது பெரிய பிழை. ஆகவே படி நியாயமானது. வயதானவர்களுக்கு இரவில் தெரிய ஒரு சின்ன விளக்கு மட்டும் போட்டால் போதும். கல்சுவரைக் கொத்தாமல் குழாய்களைப் பின்பக்க வெளிச்சுவரில் கொண்டுபோய்ப் பலகைப் பெட்டியால் மூடியதும் சரி. பழுது வந்தால் பெட்டியைக் கழற்றலாம்.

கணப்பு. சாப்பாட்டு அறையில் நெருப்பு மூட்டியதும் பத்து நிமிடத்தில் கண் எரியத் தொடங்குகிறது. அடுப்பு வாய் 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம்: 1,080 சதுர அங்குலம். புகைபோக்கி 9க்கு 9: 81 சதுர அங்குலம். புகைவழி, வாயின் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும், அதாவது இங்கே 108. அது இல்லாததால் புகை வெளியே உருளுகிறது. புகைபோக்கியை உடைக்கத் தேவையில்லை. வாயின் மேற்பக்கத்தில் 8 அங்குல இரும்புத் தகடு மாட்டினால் உயரம் 22ஆகும். 792 சதுர அங்குலம், 81க்குச் சரியாகப் பொருந்தும். ஹட்டன் பட்டணத்தில் எந்த வெல்டிங் கடையிலும் ஒரு பின்னேரத்தில் செய்து தருவார்கள். மற்றது விறகு. ஈர யூக்கலிப்டஸைக் கொண்டுவந்து போடுகிறார்கள். வெட்டுமுகத்தில் தண்ணீர் கொதித்து நுரைப்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆறு மாதம் காய்ந்த சவுக்கு (கிரவீலியா) விறகுக்கு இந்தத் தோட்டத்தில் பஞ்சமே இல்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. பழைய குசினி பங்களாவிலிருந்து தனியாக, 60 அடி தள்ளி, மூடிய நடைபாதையின் கடைசியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் புகைக்கும் தீக்கும் பயந்து அப்படிக் கட்டினார்கள். இப்போது அந்த 60 அடியில் சோறு ஆறுகிறது. சாப்பாட்டு அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் ஒரு சூட்டு மேசை வைத்தால் தீர்ந்தது. பின்னேரத் தேநீருக்கு வரும் வெள்ளரிக்காய்ச் சாண்ட்விச்சை விட்டுவிடுங்கள். கேட்டால் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் தருவார்கள், கேட்டால்தான். மெனுவில் இல்லை. பணியாளர்களுக்கென்று சுட்டதிலிருந்துதான் எடுத்து வருகிறார்கள் என்று நினைக்க வைக்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறது. பருப்பு கொஞ்சம் கடித்தால் சமையற்காரரைக் குறை சொல்லாதீர்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 96 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94இல். பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் கூடுதல் நேரம் வேக வேண்டும்.

மலையகத்தில் பழைய கட்டடத்தை ஹோட்டலாக்குவது பற்றிப் பேசும்போது கந்தப்பளையைச் சொல்லாமல் முடியாது. ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, எய்ட்கன் ஸ்பென்ஸ் கம்பனி 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. கொழுந்து வாட்டிய மாடிகள் அறைகளாயின. பழைய எஞ்சினையும் சக்கரங்களையும் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு ரயில் பெட்டி சாப்பாட்டு அறையாக நிற்கிறது; நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது தெரிந்தவர்களுக்கு அது பொருத்தமாகவே படும். ஒன்று உண்மை: ஸ்டோரை மாற்றுவது பங்களாவை மாற்றுவதைவிட ஒரு வகையில் சுலபம். வாட்டும் மாடி பரந்த வெறும் தளம், காற்றுக்காக வரிசையாகச் சன்னல். சுவரை நடுவில் எழுப்பிக் குழாயைப் புதிதாக இறக்கலாம். பங்களாவில் ஒவ்வொரு குழாய்க்கும் 20 அங்குலக் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் கந்தப்பளையில் அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்பது கட்டடத்தைப் பார்த்தாலே விளங்கும். சொல்ல வேண்டியதை எஞ்சின் சொல்லிவிடுகிறது.

இங்கே அது விளங்கவில்லை. விறாந்தையில் பெரட்டு மணி ஒன்றை, தொழிலாளரை வேலைக்குக் கூப்பிட அடித்த மணியை, தொங்கவிட்டு, சாப்பாடு தயார் என்பதற்கு அடிக்கிறார்கள். சுவரில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஏழு, விசிறி மாதிரி. அறையில் வைத்திருக்கிற நாலு பக்கப் புத்தகத்தில் துரைமார் வரிசையாக வருகிறார்கள், அவர்களுடைய நாய்களின் பெயர்கூட வருகிறது. கல்லுடைத்தவர், பீலிக்கரையிலிருந்து, அதாவது தண்ணீர் பிடிக்கும் இடத்திலிருந்து, தண்ணீர் சுமந்தவர், இந்த முன்வாசலால் ஏறவே விடப்படாதவர் ஒருவரும் இல்லை. அடுத்த மேட்டிலிருக்கிற லயத்தை, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை, சன்னலிலிருந்து தெரியும் அழகான காட்சி என்று எழுதியிருக்கிறார்கள். தங்க வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழிலேயே பேசுகிற இடத்தில் இதைக் கவனிக்காமல் விட முடியாது. மேசைக்குச் சாப்பாடு கொண்டுவருகிற தம்பியிடம் கேட்டால் மணி எத்தனை மணிக்கு அடித்தது, கத்தி எந்த வேலைக்கு, எந்த மாதத்தில் என்று பத்து நிமிடம் பேசுவார். அவர் பேச்சைப் புத்தகத்தில் போட்டிருக்கலாம்.

2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு மலையில் தங்கப் போகிறவர்கள் மண்சரிவைப் பற்றிக் கேட்பது இயல்பு. பங்களா மேட்டு முகட்டில் இருக்கிறது, பின்னால் வெட்டுச் சரிவு இல்லை. வாகனத் தரிப்பிடத்துக்காகக் கீழ்ப் பக்கத்தில் மண் நிரப்பிய இடம் மட்டும் வடிகான் இல்லாமல் நிற்கிறது. புதிதாக மண் வெட்டவோ நிரப்பவோ நினைக்கும் எவரும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையை முதலில் எடுக்க வேண்டும், பிறகு அல்ல.

போகிறவர்கள் இரண்டாம் அல்லது நான்காம் அறையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டாமறையில் கிழக்குச் சன்னல், காலை வெயில் கட்டிலுக்கே வரும். ஐந்தாம் அறையைக் கொடுத்தால் எரிவாயுக் கீசரை வெளியே மாற்றிவிட்டீர்களா என்று கேளுங்கள், இல்லை என்றால் வேண்டாம். மாசி, பங்குனி நல்ல மாதங்கள். காலையில் ரயில் பிடிக்க வேண்டியிருந்தால் கீசரை எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று முதல் நாள் இரவே சொல்லிவைத்துவிடுங்கள். ரொட்டிக்கும் அப்போதே சொல்லலாம்.